உள்ளங்கையளவு ஓட்டை

"மாப்பிள்ளைங்க, வண்டித் தகரத்தை வெட்டறதுக்கு எந்த மிஷினுங்க நல்லது?"

மாமியார் ராமாத்தாள் இந்தக் கேள்வியைக் கேட்டபோது தங்கதுரையின் வாயில் நான்காவது பணியாரம் இருந்தது. ஐந்தாவது தட்டில் இருந்தது. ஆறாவதைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு அவர் எதிரில் நின்றார்.

வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் அவன் மென்று விழுங்கி, யோசித்துப் பதில் சொல்லியிருப்பான். இது அப்படியில்லை. இந்தக் கேள்வியைத் தானே கேட்டு, தானே பதில் எழுதி, அதற்காக மூன்று வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவன் அவன்.

"அது வேலையைப் பொறுத்ததுங்க அத்தை," என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. "மெல்லிசுத் தகரம், வளைவு வளைவா வெட்டணும்னா ஜிக்சா. நேர்கோடா, வேகமா வேணும்னா கிரைண்டர். தீப்பொறி ஆகாதுன்னா நிப்ளர். எதுக்கும் மசியலைன்னா கடைசியா ரம்ப மிஷினுங்க."

"கேட்டீங்களாங்க?" ராமாத்தாள் கணவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேட்டா மாப்பிள்ளை நாலு சொல்றாரு. அப்ப நம்ம ஜீப்பு அடித்தகரத்தை மாப்பிள்ளையே ஒரு கை பார்த்துக் குடுத்துறட்டுங்க."

"ஆகட்டுங்க அத்தை," என்றான் தங்கதுரை. வாயில் இனிப்பு இருக்கும்போது மனிதன் எதற்கும் ஆகட்டும் என்றுதான் சொல்வான்.

மாமனார் குப்பண்ணனின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

அந்த ஜீப்பின் மேல் வெளியாள் கை வைக்க அவர் விட்டதே இல்லை. கோழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜோஜோ ஒருவன்தான் விதிவிலக்கு. மகள் செல்வப்பிரியா பிறப்பதற்கு முந்தின வருஷம், மலையாள எல்லையோரத்து இந்த எருத்தேன்பதி ஊருக்கு வந்த வண்டி. மகளைப் பற்றிப் பேசும்போது 'அது' என்பார். வண்டியைப் பற்றிப் பேசும்போது 'இவன்' என்பார்.

ஆனால் இப்போது அவரால் வாய் திறக்க முடியாது. முதல் ஆடி நோம்பிக்கு வந்திருக்கும் புது மாப்பிள்ளையின் பேச்சை மறுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாப்பிள்ளை குழம்பில் உப்பு அதிகம் என்றால் வேறு குழம்பு வைக்க வேண்டும். மாப்பிள்ளை மழை வரும் என்றால், வானம் வெளுத்துக் கிடந்தாலும், களத்தில் காயும் கடலையை அள்ள வேண்டும். மூன்றாம் நாள் மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் எல்லாரும் பழையபடி பேசலாம்.

இன்று முதல் நாள்.

"ஓட்டைன்னா பெரிசா ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை," என்றார் குப்பண்ணன் ஈனக் குரலில். "உள்ளங்கை அகலந்தானுங்க. அப்படியே உட்டாக்கூட…"

"அப்படியே உட்டா துரு பரவுமுங்க மாமா." இது அவன் கட்டுரையின் இரண்டாவது பத்தி.

செல்வப்பிரியா தட்டின் மேல் குனிந்திருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. பெருமையில் என்று நினைத்து, தங்கதுரை ஐந்தாவது பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். தங்கதுரை படித்தது தமிழ் இலக்கியம். வேலை பார்ப்பது கோயமுத்தூரில், மிஷின்களை இணையத்தில் விற்கும் ஒரு கம்பெனியில். எந்த மிஷினை எதற்கு வாங்கலாம் என்று கட்டுரை எழுதுவது அவன் பொறுப்பு. 'கையில் எடுத்த மாத்திரத்தில் ஓர் உறுதி தெரியும்' என்று எழுதுவான், எடுத்ததில்லை. 'அதிர்வு மிகக் குறைவு' என்று எழுதுவான், அதிர்ந்ததில்லை. வீட்டில் பல்பு போனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவன்.

கல்யாணத் தரகர்தான் 'டூல்ஸ் கம்பெனியில எஞ்சினீயரு மாதிரிங்க' என்று சொல்லிவைத்தார். பொள்ளாச்சியில் கிளம்பிய அந்தச் சொல் எருத்தேன்பதி வந்து சேர்வதற்குள் 'மாதிரி' எங்கோ இறங்கிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே செல்வப்பிரியாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். பிறகு சொல்லலாம் என்றானது. கல்யாணமாகி மூன்று மாதம் ஓடிவிட்டது. அவள் சிரிக்கச் சிரிக்க, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. 'இத்தனை நாளா ஏமாத்தினீங்களா?' என்று அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் அதன்பின் தான் எழுதுகிற எதையும் தானே நம்ப முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

ஆகவே தங்கதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பைப் பார்க்கப் போனான்.

* * *

களத்தின் ஓரத்தில் ஜீப் நின்றது. பக்கத்தில் சாக்குப் படுதா விரித்து நிலக்கடலை காய்ந்தது. ஆடிக் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"இவன் ஒரு நாள்கூட ரோட்டுல நின்னதில்லீங்க மாப்பிள்ளை," என்றார் குப்பண்ணன், பானட்டைத் தடவியபடி.

"ஆமாங்க. பின்னாடி ஆளு தள்ளிட்டே இருந்தா எப்படீங்க நிக்கும்?" என்றார் ராமாத்தாள்.

குப்பண்ணன் அதை ரசித்துச் சிரித்தார். "வாளையார் செக்போஸ்ட்டுல இவ ஒருக்கா தள்ளுனா பாருங்க. முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. பொண்ணு வயித்துல ஏழு மாசம். அந்த லாரிக்காரங்களே எறங்கி வந்து கையெடுத்துக் கும்புட்டாங்க."

"என்னையில்லீங்க. உங்களை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி."

"போன தையில இந்த ஓட்டையில இவ செருப்பு ஒண்ணு உழுந்துருச்சுங்க மாப்பிள்ளை. திரும்பிப் போயி எடுக்கலாம்னேன். வேண்டாம்னுட்டு இன்னொரு செருப்பையும் கழட்டி அதே ஓட்டையில போட்டுட்டா. எடுக்கறவனுக்காவது சோடியா இருக்கட்டும்னு. நல்ல மனசுங்க அவளுக்கு."

தங்கதுரை குனிந்து பார்த்தான். முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்தில், உள்ளங்கையளவு ஓட்டை. அதன் வழியே ஒரு கோழி அண்ணாந்து அவனைப் பார்த்தது. ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்த ஓரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டால், அதன் மேல் ஒரு புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம். அவ்வளவுதான் வேலை.

"ஜோஜோவையே வரச் சொன்னா என்னங்க அத்தை?" என்றான் தங்கதுரை ஆசையாக.

"இன்னைக்கு அவனுக்கு ஒழிவே இல்லைங்களாமா." ராமாத்தாள் பெருமூச்சு விட்டார். "அவன் கைராசிக்காரனுங்க. எப்பேர்ப்பட்ட ஒடசலா இருந்தாலும் ஓட வெச்சுருவான். இதையும் ஒவ்வொரு தடவையும் எப்படியாவது ஓட வெச்சுருவானுங்க." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நன்றி என்று தங்கதுரை நினைத்துக்கொண்டான். "வெல்டிங்கை நாளைக்கு வந்து அடிச்சுத் தர்றானாமா. மிஷினு எது வேணுமோ எடுத்துக்கச் சொன்னான். எதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஸ்கூட்டர்ல போயி வாங்கியாந்தர்றேன்."

ஐந்து நிமிஷத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு தங்கதுரை ஒரு தென்னை மரத்தின் பின்னால் போய்க் கைபேசியை எடுத்தான். 'வண்டித் தகரம் வெட்ட எந்த மிஷின் நல்லது?' என்று தேடினான். முதலில் வந்தது அவன் எழுதிய கட்டுரை. இரண்டாவதாக வந்தது, அதை அப்படியே திருடிப் போட்டிருந்த இன்னொரு கடை. மூன்றாவது மலையாளத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தால் அதுவும் அவனுடையதுதான். உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தவர் வேறு யாருமே இல்லை போலிருந்தது.

'முதலில் உங்கள் தேவையைப் புரிந்துகொள்ளுங்கள்' என்று கட்டுரை ஆரம்பித்தது. எழுதியவன் கையில் கிடைத்தால் இரண்டு அறை விட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தொடர்ந்து படித்தான். 'புதியவர்களுக்கு ஏற்றது ஜிக்சா.'

"ஜிக்சாங்க அத்தை!"

ஸ்கூட்டர் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

* * *

ஜிக்சா வந்தது. பேட்டரி வயரைக் குப்பண்ணன் தன் கையாலேயே கழற்றினார், காய்ச்சல்காரக் குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல. தங்கதுரை சாக்கட்டியால் ஓட்டையைச் சுற்றி ஒரு சதுரம் போட்டான். சதுரம் மிக அழகாக இருந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு நினைத்தான்.

சுவிட்சை அழுத்தினான். ஜீப் முழுவதும் பாட ஆரம்பித்தது. கண்ணாடி ஒரு சுருதியில், கதவுகள் ஒரு சுருதியில், குப்பண்ணனின் பல் ஒரு சுருதியில். மூன்று அங்குலம் போவதற்குள் பிளேடு முறிந்தது. இரண்டாவது பிளேடும் முறிந்தது. 'பிளேடு மரத்துக்கானதா தகரத்துக்கானதா என்று பார்க்கவும்' என்பது கட்டுரையின் ஆறாவது குறிப்பு. அவன் நான்காவது குறிப்பிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டான்.

மிஷினை நிறுத்தியதும் ஜீப்புக்குள் மட்டும் ஒரு சத்தம் நிற்காமல் கேட்டது. பொலபொலவென்று துரு உதிரும் சத்தம். அதிர்ந்த அதிர்வில் ஓட்டை தானாகவே வளர்ந்து, சோறு போடும் தட்டம் அளவுக்கு ஆகியிருந்தது.

"தட்டம் அகலமாச்சுங்க," என்றார் குப்பண்ணன் மெல்ல.

"கெட்ட தகரம் தானா உழுந்துருச்சுங்க மாமா. நமக்கு வேலை மிச்சம்," என்றான் தங்கதுரை. அவனே நம்பவில்லை.

"பார்த்தீங்களா, மாப்பிள்ளை கை பட்டதும் கெட்டதெல்லாம் ஓடுது," என்றார் ராமாத்தாள். "அடுத்தது கிரைண்டருங்களா?"

கிரைண்டர் வந்தது. தீப்பொறி இவ்வளவு வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. 'சிறு பொறிகள் எழலாம்' என்று எழுதியிருந்தான். இது தேர்த்திருவிழா வாணவேடிக்கை. கோழிகள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. தகரம் வெண்ணெய்போல வெட்டுப்பட்டது. அவனுக்கு முதல்முறையாக ஒரு தெம்பு வந்தது. சதுரத்தின் ஒரு பக்கம் முடியும்போது புகை வாசம் அடித்தது.

"ஏனுங்க! சீட்டு!" என்று செல்வப்பிரியா கத்தினாள்.

சீட்டின் மெத்தை கிழிந்த வருஷம் குப்பண்ணன் அதற்குள் தேங்காய் நாரைத் திணித்துத் தைத்திருந்தார். நல்ல காய்ந்த நார். நல்லவேளையாக ராமாத்தாள் இரண்டு குடம் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். முன்யோசனைக்காரர். இரண்டு குடத்தையும் ஒரே வீச்சில் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. சதுரமும் அழிந்தது. பதற்றத்தில் தங்கதுரை கிரைண்டரை அணைக்காமல் பின்வாங்கியிருந்ததால், வெட்டு நேராகப் போகாமல் ஓட்டையிலிருந்து கியர் வரைக்கும் ஓர் ஆறுபோல வளைந்து போயிருந்தது.

"மொறம் அகலமுங்க," என்றார் குப்பண்ணன். பிறகு, வழக்கத்தை நினைத்துக்கொண்டு, "பரவால்லீங்க. காத்தோட்டமா இருக்குது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மாமா, இதோட நிறுத்திக்கலாமுங்க. ஜோஜோ நாளைக்கு வந்து…"

"அதெப்படீங்க?" ராமாத்தாள் இடைமறித்தார். "பாதியில உட்டா வேலைக்கு மதிப்பில்லீங்களே. தீப்பொறி ஆகாதுன்னா ஒண்ணு சொன்னீங்களே, என்னுங்க அது?"

"நிப்ளருங்க," என்றான் தங்கதுரை. கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவனால் முடிவதில்லை.

* * *

நிப்ளர் நல்ல மிஷின். கோழி தீவனத்தைக் கொத்துவதுபோலத் தகரத்தை டக்டக்கென்று கொத்திக்கொண்டே போகும். கொத்திய ஒவ்வொரு துண்டும் பிறைநிலா வடிவில் வெளியே விழும். தங்கதுரைக்கு அது பிடித்துப்போனது. துரு இல்லாத நல்ல தகரம் வரும்வரை போகலாம் என்று துருவைத் தொடர்ந்து போனான். துரு அவனை முன்சீட்டுக்குக் கீழே கூட்டிப் போனது. அங்கிருந்து கியருக்குப் பக்கத்தில். அங்கிருந்து டிரைவர் சீட்டுக்கு. நல்ல தகரம் வரவே இல்லை. அந்த வண்டியில் அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

அவன் நிமிர்ந்தபோது குப்பண்ணன் அளவு சொல்லாமல் நின்றார். அந்த அளவுக்கு வீட்டில் பாத்திரம் இல்லை.

ஜீப்புக்கு வெளியே வேறொரு கதை நடந்திருந்தது. ஆயிரக்கணக்கான தகரப் பிறைகளை ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போய், காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலை முழுவதும் தூவியிருந்தது.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு செல்வப்பிரியா படுதாவில் உட்கார்ந்தாள். ராமாத்தாள் ஸ்கூட்டரில் எங்கோ போயிருந்தார். குப்பண்ணன் ஜீப்பின் மறுபக்கம் அதன் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். தங்கதுரை மனைவியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அவள் காந்தத்தைக் கடலைக்குள் விட்டு எடுத்தாள். அதில் நூறு பிறைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்குதில்லீங்க?"

அந்தக் குரல்தான் அவனை உடைத்தது.

"செல்வி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதே. நான் எஞ்சினீயர் இல்லை."

"ம்."

"மிஷினைப் பத்தி எழுதறவன். அவ்வளவுதான். இன்னைக்குத்தான் மொதமொதல்ல கையில தொட்டுருக்கறேன்."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"ஜிக்சாவைத் தலைகீழாப் பிடிச்சீங்களே, அப்ப இருந்துன்னு வெச்சுக்கலாமுங்க." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, காலையில் பணியாரத் தட்டின் மேல் குலுங்கிய அதே தோள். "பொண்ணு பார்க்க வந்தீங்கல்ல, அன்னைக்கே உங்க பேரைப் போட்டுத் தேடினேனுங்க. அம்பத்தி மூணு கட்டுரை. எல்லாத்தையும் படிச்சேன். அம்மாவுக்குக்கூட வாசிச்சுக் காட்டியிருக்கறேன்."

"படிச்சுட்டுமா சரின்னு சொன்னே?"

செல்வப்பிரியா காந்தத்திலிருந்து ஒரு பிறையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "நிப்ளரைப் பத்தி எழுதியிருந்தீங்க. 'இதை அவசரப்படுத்தக் கூடாது. அழுத்தினால் நின்றுவிடும். அதன் போக்கில் விட்டால் எந்த வளைவிலும் கூடவே வரும்'னு. ஒரு மிஷினைப் பத்தி இத்தனை பதமா எழுதற ஆளு, பொண்டாட்டிகிட்ட எப்படி இருப்பாருன்னு யோசிச்சேனுங்க. அதான்."

தங்கதுரை அந்தத் துண்டைக் கையை மூடிப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் இறங்கியதில், பசிகூட எடுத்தது.

"உங்கப்பாகிட்டயும் சொல்லிர்றேன். இப்பவே. இதுக்கு மேல அந்த வண்டியைத் தொட மாட்டேன்," என்று எழுந்தான்.

அதே நேரம் ஸ்கூட்டர் வந்து நின்றது. ராமாத்தாளின் மடியில் குழந்தையைப்போல ஒரு நீண்ட பெட்டி.

"ரம்ப மிஷினுங்க மாப்பிள்ளை! எதுக்கும் மசியலைன்னா கடைசியா இதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!"

"அத்தை, நான் மாமாகிட்ட ஒண்ணு…"

"சொல்லுங்க, சொல்லுங்க. மொதல்ல இந்த ஓரத்தை மட்டும் நேராக்கிட்டுச் சொல்லுங்க. இப்படிக் கோணல்மாணலா உட்டா உங்க மாமாவுக்கு ராத்திரி தூக்கம் வராதுங்க."

குப்பண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராமாத்தாள் அவரைப் பார்த்து, "மொத ஆடிங்க," என்றார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஓரத்தை மட்டும். நேராக ஒரு கோடு. அதன்பின் உண்மையைச் சொல்லிவிடலாம். தங்கதுரை மிஷினைத் தூக்கினான். கையில் எடுத்த மாத்திரத்தில் ஓர் உறுதி தெரிந்தது. இதை மட்டும் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

நேராகத்தான் வெட்டினான். அன்றைக்கு முழுவதும் அவன் போட்ட ஒரே நேர்கோடு அது. தகரம் போனது, தகரத்துக்குக் கீழே ஒரு பட்டை போனது, அந்தப் பட்டைக்குக் கீழே ஏதோ கனமாக ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் போனது. தகரம் வெட்டுவதற்கு இது அதிகப்படியான மிஷின் என்று கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சத்தம் நின்றது. ஜீப் நின்ற இடத்தில் நின்றது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"ஒருக்கா ஏறி உக்காந்து பாருங்களேன்," என்றார் ராமாத்தாள் கணவரிடம்.

குப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு, அவசரமே இல்லாமல், பெரிய ஜவுளிக்கடை லிஃப்ட் கீழே வருவதுபோல, சீட்டும் அவருமாக இறங்க ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங் அவர் கையை விட்டு மேலே போனது. நெஞ்சு மறைந்தது, கழுத்து மறைந்தது. சீட்டு தரையில் உட்கார்ந்தது. கதவு தானாகக் கழன்று, மரியாதையாக வெளிப்பக்கம் சாய்ந்து படுத்தது. குப்பண்ணன் எருத்தேன்பதி மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி, ஜீப்புக்கு உள்ளேயும் வெளியேயுமாக உட்கார்ந்திருந்தார்.

குடிபெயர்ந்த கோழி ஒன்று திரும்பி வந்து அவரைப் பார்த்தது.

அடிபடவில்லை என்பது தெரிந்தது. அழுகிறாரா என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னார்:

"சுத்தமா வெட்டியிருக்கீங்க மாப்பிள்ளை."

தங்கதுரைக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் நின்றிருப்பான். மண்ணில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தரகர், 'மாதிரி', கட்டுரை, பல்பு, ஒன்று விடாமல்.

"அப்ப எஞ்சினீயரு இல்லீங்களா?"

"இல்லீங்க மாமா. மன்னிச்சுக்கோங்க."

குப்பண்ணன் நீண்ட மூச்சு விட்டார். "அப்ப நல்லதாப் போச்சுங்க. எஞ்சினீயரா இருந்துட்டு இப்படிப் பண்ணியிருந்தீங்கன்னா, பொண்ணைத் தப்பான எடத்துல குடுத்துட்டமோன்னு நான் சங்கடப்பட்டிருப்பேனுங்க." கையை நீட்டினார். "தூக்கி உடுங்க."

தங்கதுரை தூக்கிவிட்டான். குப்பண்ணன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எஞ்சினை மட்டும் கழற்றித் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துக்கொள்ளலாம் என்றார். கரண்ட் போன நாளில் தண்ணீர் இறைக்க ஆகும். இவன் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அதைச் சொன்னதும் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

"ஆமாங்க, கெணத்தைத் தள்ள வேண்டியதில்லை," என்றார் ராமாத்தாள். "போனாப் போகுதுங்க. ஒரு காரு எடுத்துக்கலாம். செவப்புக் கலருல. ஏசி வெச்சது. நாளைக்குச் சொல்லி வெச்சா ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வந்துருமாமா."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு பேரு பேசிக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் மாப்பிள்ளைக்கு மறுபடியும் பணியாரம் சுட உள்ளே போனார்.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் மிஷின்களைத் திருப்பி எடுத்துப்போக ஜோஜோ வந்தான். கருகரு மீசை, கழுத்தில் சிலுவை, கையில் வெற்றிலைப் பெட்டிபோல ஒரு சாமான் பெட்டி. ஜீப்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். குனிந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான், உள்ளே தலையை விட்டு அந்தப் பக்கம் வெளியே எட்டிப் பார்த்தான்.

"இதை யாரு செஞ்சது சாரே?"

"நான்தானுங்க," என்றான் தங்கதுரை. இப்போது அவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளை சாரா?" ஜோஜோ அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை மரியாதையோடு பார்த்தான். "பதினெட்டு வருஷமா இந்த வண்டியை நான் பாக்கறேன். இதை ஒருத்தராலும் நிறுத்த முடியாதுன்னு நெனச்சிருந்தேன்."

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?"

"கர்த்தர் வந்தாலும் முடியாது சாரே."

தங்கதுரை ரம்ப மிஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அவனிடம் நீட்டினான். மனசு கேட்காமல் சொன்னான்: "இன்னைக்கு மட்டும் உங்களுக்கு ஒழிவு இருந்து நீங்க வந்திருந்தீங்கன்னா, இத்தனை தூரம் ஆயிருக்காதுங்க."

"ஒழிவு இல்லைன்னு யாரு சொன்னது?" ஜோஜோ பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "காலையிலேர்ந்து கடையில ஈ ஓட்டிட்டுத்தான் இருந்தேன். அம்மா மிஷின் வாங்க வந்தாங்களே, நாலு தடவையும் கூடவே வர்றேன்னு கெஞ்சினேன். 'நீ வந்தா வண்டி சரியாயிரும் ஜோஜோ, இதுக்கு எங்க மாப்பிள்ளையே போதும்'னுட்டாங்க!"